கை பட்டாலும் கலையாத வரைபடம்

2019ஆம் ஆண்டு டிசம்பர் 26. அன்று காலை எட்டு மணிக்குச் சற்றுப் பிறகு புதுக்கோட்டை வானில் நிலா மெல்லச் சூரியனை மறைக்கத் தொடங்கியது. ஒன்பதரை மணி கடந்ததும் சூரியன் ஒரு பொன் வளையலாக மாறியது. ஏறத்தாழ 3 நிமிடம்தான்! பிறகு வளையல் உடைந்தது. சூரியன் பிறைபோல் வளர்ந்து, பதினொன்றே கால் மணியைத் தாண்டியபோது முழு வட்டமாயிற்று.

இது வளையச் சூரிய கிரகணம். நம் நாட்டில் அதன் பாதை கேரளத்தின் காசர்கோட்டில் தொடங்கி, உதகை, கோவை, திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டைப் பகுதிகளைக் கடந்து, கடலைத் தாண்டி யாழ்ப்பாணம் வரை சென்றது. வளையம் தெரிந்த வேளையில் சூரிய வட்டின் விட்டத்தில் ஏறத்தாழ 97 விழுக்காட்டை நிலா மறைத்திருந்தது. பரப்பைக் கணக்கிட்டால் 94 விழுக்காடு. அதாவது நமக்கு வந்த ஒளி வழக்கத்தில் பதினாறில் ஒரு பங்குதான்!

இந்த ஒளிக் குறைவைக் கண்ணால் பார்த்து "மங்கலாக இருந்தது" என்று சொல்லலாம். ஆனால் அறிவியலுக்கு அது போதாது. எப்போது குறையத் தொடங்கியது? எவ்வளவு வேகமாகக் குறைந்தது? எப்போது மீண்டது? இவற்றைச் சொல்ல அளவு வேண்டும், நேரம் வேண்டும், இரண்டையும் இணைக்கும் வரைபடம் வேண்டும்.

ஒரு கற்பனைக் காட்சி

நண்பர்களே, அந்தக் காலையில் நம் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் ஓர் அக்காவும் தம்பியும் இந்தச் சோதனையைச் செய்ததாகக் கற்பனை செய்து கொள்வோம். ஒளி பட்டால் மின்தடை குறையும் சிறு பொருள் ஒன்று கடைகளில் கிடைக்கிறது. அதற்கு ஒளியுணர் மின்தடை என்று பெயர். அதை ஆர்டுவினோ என்னும் சிறு மின்னணுப் பலகையில் இணைக்கிறார்கள். பலகையிலிருந்து ஒரு கம்பி பழைய மடிக்கணினிக்குப் போகிறது. பலகை நொடிக்கு ஒருமுறை ஒளியின் அளவை எண்ணாக்கி அனுப்புகிறது. கணிப்பொறி அதைப் பெற்றுத் திரையில் ஒரு புள்ளி வைக்கிறது. புள்ளிகள் சேர்ந்து கோடாகின்றன. திண்ணையில் உட்கார்ந்தபடியே கிரகணத்தின் வரைபடம் வளர்வதைப் பார்க்கலாம். இதுதான் நேரலை வரைபடம்.

மணி 9.25. கோடு சரசரவென்று இறங்குகிறது. "எங்கே, நான் பார்க்கிறேன்!" என்று தம்பி எட்டிப் பார்க்கிறான். அவன் முழங்கை மவுசின் மீது படுகிறது. "டிக்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். கோடு நின்றுவிட்டது!

தம்பி வேண்டுமென்றா செய்தான்? இல்லை. மவுஸ் கெட்டுவிட்டதா? அதுவும் இல்லை. நிரல் என்னும் கட்டளைத் தொகுப்பை எழுதியவர், "யாராவது தெரியாமல் தொட்டுவிட்டால்?" என்ற ஒரு கேள்வியைக் கேட்க மறந்துவிட்டார். அந்தக் கேள்விக்குத்தான் இப்போது விடை தேடப் போகிறோம்.

காகிதம் ஓடிய காலம்

நேரலை வரைபடம் கணிப்பொறியோடு பிறந்ததன்று. மருத்துவமனையில் இதயத் துடிப்பைப் பதியும் இ.சி.ஜி. கருவியைப் பார்த்திருப்பீர்கள். கட்டம் போட்ட காகிதம் வழக்கமாக நொடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்கிறது. துடிப்பின் கோடு அதன்மேல் விழுகிறது. நிலநடுக்கத்தைப் பதிந்த பழைய கருவிகளிலும் உருளையில் சுற்றிய காகிதம் நகர்ந்தது. ஊசி அல்லது பேனா அதில் கோடு போட்டது.

இந்த முறையில் ஒரு நன்மை உண்டு. பதிவும் படமும் ஒன்றே. யாராவது காகிதத்தில் விரல் வைத்துப் பார்த்தாலும், முன்பு விழுந்த கோடு அழியாது. காகிதம் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு குறையும் உண்டு. ஒருமுறை விழுந்த கோட்டைப் பெரிதாக்கிப் பார்க்கவோ, வேறு அளவில் வரையவோ முடியாது.

கணிப்பொறி இந்தக் குறையைப் போக்கியது. வரைபடத்தைப் பிடித்து இழுக்கலாம், பெரிதாக்கலாம், சுருக்கலாம். அதற்கு உதவும் கருவி மவுஸ். அமெரிக்காவில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்பவரின் யோசனைப்படி 1964இல் பில் இங்கிலீஷ் என்ற பொறியாளர் மரத்தால் முதல் மவுசைச் செய்தார். அதன் அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு சக்கரங்கள். மேலே ஒரே ஒரு பொத்தான். 1968 டிசம்பர் 9 அன்று எங்கல்பார்ட் அதைப் பொதுமக்கள் முன் இயக்கிக் காட்டினார். இன்று அது இல்லாத கணிப்பொறி அறை இல்லை. ஆனால் படத்தைத் தொடும் வசதி வந்ததும், தெரியாமல் தொடும் ஆபத்தும் கூடவே வந்துவிட்டது.

மவுஸ் சொல்வதை யார் கேட்கிறார்?

நாம் மவுசை அசைக்கும்போதும் அழுத்தும்போதும் அந்தச் செய்தி நேராக நிரலுக்குப் போவதில்லை. முதலில் அது ஒரு வரிசையில் நிற்கிறது. ரேஷன் கடை வரிசையைப் போல முதலில் வந்தவருக்கு முதலில் பதில். நிரல் தனக்கு நேரம் கிடைக்கும்போது வரிசையிலிருந்து ஒவ்வொரு செய்தியாக எடுத்து வேலை செய்கிறது.

சாதாரணமாக எழுதப்பட்ட நேரலை நிரல் ஒரே ஆள் நடத்தும் கடை போன்றது. பலகையிலிருந்து வரும் அளவை வாங்குவதும் அதே ஆள். படம் வரைவதும் அதே ஆள். மவுசுக்குப் பதில் சொல்வதும் அதே ஆள். ஒரு வேலையில் மாட்டிக்கொண்டால் மற்ற இரண்டும் காத்துக் கிடக்கும். இதிலிருந்து மூன்று வகைத் தொல்லைகள் பிறக்கின்றன.

முதல் தொல்லை: படம் ஓடிப் போவது. சில வரைபட நிரல்களில் மவுசை அழுத்தி இழுத்தால் படம் நகரும். நடுச்சக்கரத்தை உருட்டினால் பெரிதாகும். பைத்தான் மொழியில் பலரும் பயன்படுத்தும் பைகியூட்டிகிராஃப் என்ற தொகுப்பு இப்படித்தான் இயங்குகிறது. ஒருமுறை இழுத்துவிட்டால், "இனி இவர் விரும்பிய இடத்தையே காட்ட வேண்டும்" என்று அது எண்ணிக்கொள்கிறது. புதிய புள்ளிகள் திரைக்கு வெளியே விழுந்துகொண்டே இருக்கும். நமக்கோ வரைபடம் நின்றுவிட்டதுபோல் தோன்றும். உண்மையில் எதுவும் இழக்கப்படவில்லை. படத்தின் இடது கீழ் மூலையில் 'ஏ' என்ற ஆங்கில எழுத்துள்ள சிறு பொத்தான் தோன்றும். அதை அழுத்தினால் படம் பழைய நிலைக்குத் திரும்பும். தெரியாதவர் பயந்துபோய் நிரலையே மூடிவிடுவார். உண்மையான இழப்பு அப்போதுதான் நிகழ்கிறது!

இரண்டாம் தொல்லை: நிரல் உறைவது. விண்டோஸ் கணிப்பொறியில் நிரலின் எழுத்துகள் ஓடும் கறுப்புச் சாளரத்தைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் மவுசை ஒருமுறை அழுத்தினால், "இவர் எழுத்தைத் தேர்ந்தெடுத்து நகலெடுக்கப் போகிறார்" என்று கணிப்பொறி முடிவு செய்யும். குயிக் எடிட் என்ற வசதி செய்யும் வேலை இது. அடுத்த வரியை அந்தச் சாளரத்தில் எழுத முயலும்போது நிரல் அப்படியே நின்றுவிடும். எஸ்கேப் அல்லது என்டர் பொத்தானை அழுத்தும்வரை நகராது. நம் கற்பனைத் தம்பியின் முழங்கை செய்தது இதைத்தான். நிரல் எழுதப்பட்ட விதத்தைப் பொறுத்து, சாளரத்தின் தலைப்பட்டையைப் பிடித்து அழுத்திக்கொண்டிருந்தாலும் இப்படி நேரலாம்.

மூன்றாம் தொல்லை: அவசரக் கைகள். "நிறுத்து" பொத்தானை அழுத்துகிறோம். நிரல் வேறு வேலையில் இருப்பதால் உடனே நிற்பதில்லை. மீண்டும் அழுத்துகிறோம். இரண்டு செய்திகளும் வரிசையில் நிற்கின்றன. ஒரே பொத்தான் தொடக்கத்துக்கும் நிறுத்தத்துக்கும் பயன்பட்டால் என்ன ஆகும்? முதல் செய்திக்கு நிற்கும். இரண்டாவதற்கு மீண்டும் தொடங்கும். புதிதாகத் தொடங்கும்போது பழைய கோப்பின் மேலேயே எழுதும்படி நிரல் அமைந்திருந்தால், காலையிலிருந்து சேர்த்த அளவெல்லாம் போயிற்று!

பொய் சொல்லும் சுவர்

இழப்பைவிட மோசமான ஒன்று இருக்கிறது. அதைக் கணக்குப் போட்டே பார்ப்போம்.

நொடிக்கு ஓர் அளவு. ஒவ்வோர் அளவுக்கும் 20 எழுத்துகள் என்று வைத்துக்கொள்வோம். நிரல் உறைந்திருந்தாலும் பலகை தன் வேலையை நிறுத்தாது. அது அனுப்பும் எழுத்துகளைக் கணிப்பொறி ஒரு தற்காலிகப் பெட்டியில் சேர்த்து வைக்கும். அந்தப் பெட்டி 4096 எழுத்துகளைக் கொள்ளும் எனக் கொள்வோம். 9.25 முதல் 9.28 வரை 3 நிமிடம் நிரல் உறைந்தால், 180 அளவுகள், 3600 எழுத்துகள். பெட்டியில் இடம் இருக்கிறது. எதுவும் போகவில்லை!

அக்கா எஸ்கேப் பொத்தானை அழுத்துகிறாள். நிரல் விழித்துக்கொண்டு 180 அளவுகளையும் ஒரே மூச்சில் வாங்குகிறது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் நேரத்தை எழுதுகிறது. எந்த நேரத்தை? தான் வாங்கிய நேரத்தை! மூன்று நிமிடத்தில் வந்த அளவுகள் அத்தனையும் "9.28" என்று பதிவாகின்றன. வரைபடத்தில் மூன்று நிமிடம் வெற்றிடம். பிறகு ஒரு செங்குத்துச் சுவர். பார்ப்பவர், "சூரிய ஒளி 9.28க்குத் திடீரென்று விழுந்தது" என்று முடிவு கட்டுவார். அது முழுப் பொய்.

நான்கு நிமிடம் உறைந்திருந்தால்? 240 அளவுகள், 4800 எழுத்துகள். பெட்டி நிரம்பி வழிந்துவிடும். இப்போது பொய்யோடு இழப்பும் சேர்ந்துகொள்ளும்.

வெந்நீர் ஆறுவதை அளக்கும் சோதனை என்றால் நாளைக்கு மறுபடி வெந்நீர் வைக்கலாம். கிரகணத்தை மறுபடி வைக்க முடியுமா? 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது காற்றழுத்தம் விழுந்ததைத்தான் மறுபடி அளக்க முடியுமா? இயற்கை ஒருமுறை காட்டுவதைப் பதியும் கருவி, நம் முழங்கையை நம்பி இருக்கக் கூடாது.

பதிவேடு வேறு, கரும்பலகை வேறு

இதற்கு வழி நம் பள்ளியிலேயே இருக்கிறது. வகுப்பு ஆசிரியர் வருகையைப் பதிவேட்டில் எழுதுகிறார். பிறகு "வந்தோர் 38" என்று கரும்பலகையில் எழுதுகிறார். யாரோ ஒரு குறும்பன் பலகையை அழித்துவிட்டால் நாம் பதறுவதில்லை. பதிவேடு பத்திரமாக இருக்கிறது. அதைப் பார்த்து மறுபடி எழுதலாம். கணிப்பொறித் திரையும் கரும்பலகைதான். பதிவேடு தனியாக இருக்க வேண்டும்.

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தைப் பாருங்கள். 1904ஆம் ஆண்டு முதல் அங்கே சூரியனின் நிழற்படங்கள் எடுக்கப்பட்டுப் பாதுகாக்கப்பட்டு வந்துள்ளன. அந்தப் படங்களை இக்காலத்தில் எண்முறையில் கணிப்பொறிக்கு மாற்றியிருக்கிறார்கள். கணிப்பொறித் திரையில் அவற்றை எத்தனை முறை பெரிதாக்கினாலும், நிறம் மாற்றினாலும், மூலத் தகடு அப்படியே இருக்கிறது. அதனால்தான் நூறாண்டுக்கு முந்தைய சூரியப் புள்ளியை இன்றைய ஆய்வாளர் மறுபடி அளக்க முடிகிறது.

இந்த ஒரே கருத்திலிருந்து ஐந்து விதிகள் கிடைக்கின்றன. பைத்தானோ வேறு மொழியோ, எதில் நிரல் எழுதினாலும் இவை பொருந்தும்.

ஒன்று: முதலில் எழுது, பிறகு வரை. ஒவ்வோர் அளவும் வந்த உடனே கோப்பில் எழுதப்பட வேண்டும். "கடைசியில் மொத்தமாகச் சேமிக்கலாம்" என்று இருந்தால், கடைசி வராமலே போகலாம். கோப்பு பெரிதாகிவிடுமே என்று கவலைப்பட வேண்டாம். 3 மணி நேரத்துக்கு 10,800 அளவுகள், 2,16,000 எழுத்துகள். கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படம்கூட வழக்கமாக இதைவிடப் பெரியது.

இரண்டு: அளவு பிறந்த இடத்திலேயே அதன் நேரத்தையும் குறி. ஆர்டுவினோ பலகைக்குத் தான் இயங்கத் தொடங்கியதிலிருந்து எத்தனை மில்லிநொடி ஆயிற்று என்று எண்ணத் தெரியும். அந்த எண்ணையும் சேர்த்து அனுப்பினால், கணிப்பொறி தாமதமாக வாங்கினாலும் நேரம் பொய் சொல்லாது. சுவர் மறைந்து உண்மையான சரிவு தெரியும்.

மூன்று: வேலையைப் பிரி. அளவை வாங்கி எழுதுபவர் ஒருவர், வரைபவர் வேறொருவர். ஒரே கணிப்பொறியில் இரண்டு நிரல்களை இயக்கலாம். ஒன்று பலகையிலிருந்து வாங்கிக் கோப்பில் எழுதும்; மற்றது அந்தக் கோப்பைப் படித்து வரையும். படம் வரையும் நிரலைத் தம்பி மூடியே விட்டாலும் பதிவு தொடரும். மறுபடி திறந்தால் தொடக்கம் முதல் வரைபடம் வந்துவிடும்.

நான்கு: எந்தத் தொடுதலுக்குப் பொருள் உண்டு என்று முன்பே முடிவு செய். பைகியூட்டிகிராஃபில் இழுத்தல், பெரிதாக்கல், வலப்பொத்தான் பட்டியல் ஆகியவற்றை அணைத்து வைக்கலாம். 1986இல் தொடங்கிய நுபிளாட் என்ற பழைய வரைபட நிரலிலும் மவுசை ஒதுக்கி வைக்க ஒரே ஒரு கட்டளை போதும். கறுப்புச் சாளரத்தின் குயிக் எடிட் வசதியையும் அதன் அமைப்புப் பட்டியலில் நீக்கிவிடலாம்.

ஐந்து: அழிக்கும் கட்டளைக்கு இருமுறை கேள். "நிறுத்து" வேறு, "தொடங்கு" வேறு என இரண்டு பொத்தான்கள் வேண்டும். ஒருமுறை அழுத்தியதும் அது மங்கிப்போய், மறு அழுத்தத்தை ஏற்காமல் இருக்க வேண்டும். சாளரத்தை மூடப் போனால் "பதிவு நடக்கிறது, மூடலாமா?" என்று கேட்க வேண்டும்.

மவுசைப் பிடுங்கிவிட்டால் என்ன?

"இத்தனை எதற்கு? மவுசையே கழற்றி வைத்துவிடலாமே!" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. மூன்று மணி நேரச் சோதனைக்கு அது நல்ல வழிதான். ஆனால் இரண்டு செய்திகளை நினைவில் வையுங்கள்.

ஒன்று, யாரும் எதையும் தொடாவிட்டால் கணிப்பொறி சும்மா இருக்காது. சில நிமிடங்கள் பார்த்துவிட்டு, "எவரும் இல்லை போலும்" என்று உறங்கப் போய்விடும். நிரலும் உறங்கும். வேண்டாத தொடுதலும் ஆபத்து, தொடாமையும் ஆபத்து! ஆகவே சோதனைக்கு முன் உறக்க அமைப்பை நிறுத்தி வைக்க வேண்டும்.

மற்றொன்று, பார்க்கும் ஆசை தவறன்று. கோட்டில் திடீரென்று ஒரு பள்ளம் விழுகிறது. அது மேகமா, கருவிக் கோளாறா? உடனே பெரிதாக்கிப் பார்த்தால்தான் வெளியே ஓடிப்போய் வானத்தைப் பார்த்து உறுதி செய்ய முடியும். இன்று உலகெங்கும் பயன்படும் மேட்பிளாட்லிப் என்ற வரைபடத் தொகுப்பு இப்படிப்பட்ட தேவையில்தான் வளர்ந்தது. வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைகளைத் திரையில் ஆராய ஜான் ஹண்டர் என்ற அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் விரும்பினார். 2003இல் அதை வெளியிட்டார். தொட்டுப் பார்க்க வழி இருக்க வேண்டும்; தொடுவதால் பதிவு கெடாமலும் இருக்க வேண்டும். இதுதான் நல்ல நிரலின் இலக்கணம்.

கைநடுக்கத்தைக்கூடக் கணிப்பொறி மன்னிக்கிறது, தெரியுமா? மவுசை அழுத்தும்போது நம் கை துளி அசையும். அதை "இழுத்தல்" என்று எடுத்துக்கொண்டால் எந்தப் பொத்தானையும் அழுத்தவே முடியாது. ஆகவே விண்டோஸ் வழக்கமாக 4 புள்ளி அளவுக்குள் நேரும் அசைவை இழுத்தலாகக் கொள்வதில்லை. அதுபோலவே அரை நொடிக்குள் இருமுறை அழுத்தினால்தான் அது இரட்டை அழுத்தம். எதைக் கேட்பது என்பதைப் போலவே, எதைக் கேட்காமல் விடுவது என்பதையும் யாரோ ஒருவர் யோசித்து எழுதியிருக்கிறார்.

நீங்களே செய்து பாருங்கள்

கணிப்பொறி இல்லாமலே இதைச் சோதிக்கலாம். ஒரு குவளை வெந்நீர், ஒரு வெப்பமானி, ஒரு கடிகாரம், நான்கு நண்பர்கள் போதும். வெந்நீரை ஆசிரியரின் மேற்பார்வையில் கையாளுங்கள்.

முதல் சுற்றில் ஒருவரே அரை நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைப் பார்த்து, நேராகக் கரும்பலகையில் புள்ளி வைக்க வேண்டும். மற்றவர்கள் அவரிடம் கேள்வி கேட்டபடி இருக்கட்டும், "மணி என்ன?", "இந்தப் புள்ளி எது?" என்று. கேட்டதற்கெல்லாம் அவர் பதில் சொல்லியாக வேண்டும். பத்து நிமிடம் கழித்து எத்தனை புள்ளிகள் விடுபட்டன என்று எண்ணுங்கள்.

இரண்டாம் சுற்றில் வேலையைப் பிரியுங்கள். ஒருவர் வெப்பநிலையையும் நேரத்தையும் நோட்டில் மட்டும் எழுதுவார், யாரிடமும் பேசமாட்டார். ஒருவர் நோட்டைப் பார்த்து வரைவார். கேள்விகளுக்கும் அவரே பதில் சொல்வார். மற்ற இருவரும் கேள்வி கேட்கலாம். பலகையை அழித்தும் பார்க்கலாம். இப்போது எத்தனை புள்ளிகள் விடுபட்டன? இரண்டு வரைபடங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

2031ஆம் ஆண்டு மே 21 அன்று மீண்டும் ஒரு வளையச் சூரிய கிரகணம் தென் தமிழகத்தின் வழியே செல்லவிருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்திலும் சூரியனின் பெரும்பகுதி மறையும். சூரியனை வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது; அதற்குரிய பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். ஆனால் ஒளியுணர் மின்தடைக்குக் கண்ணாடி வேண்டாம். அன்று நீங்கள் ஒரு நேரலை வரைபடம் வரையலாம். தம்பி தங்கையரை விரட்ட வேண்டியதில்லை. அருகில் வந்து, திரையைத் தொட்டே பார்க்கட்டும். பதிவேடு பத்திரமாக இருக்கும் வீட்டில் கரும்பலகை அழிந்தால் யாரும் யாரையும் திட்ட வேண்டாம் அல்லவா?